அரை அங்குலப் பித்தளை

சுத்தியலை ஓங்குவதற்கு முன் தங்கப்பாண்டியன் தரையில் தண்ணீர் தெளித்தான். தெளித்து முடித்த பிறகுதான், தான் இருப்பது திருத்தங்கலில் தன் வீட்டின் பின்வாசல் என்பதும், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து அறை அல்ல என்பதும் அவனுக்கு உறைத்தது. பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் அப்படி. இரும்போடு இரும்பு மோதும் என்றால் அவன் கை தானாகவே தண்ணீரைத் தேடும். கண் காற்றின் திசையைப் பார்க்கும். கால் செருப்பை உதறிவிடும். இப்போதும் செருப்பு வாசற்படியில் கிடந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு குந்தியிருந்தான். எதிரே, இரண்டு செங்கற்களுக்கு நடுவில், மனைவி ஸ்ரீமதியின் சைக்கிளிலிருந்து கழற்றிய அலுமினியக் கழுத்து நின்றது. கைப்பிடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பாகம் அது. கடைக்காரர்கள் ஸ்டெம் என்பார்கள். அதன் அடிப்புறத் துளைக்குள் ஒரு போல்ட்டின் முறிந்த முனை தங்கிவிட்டது. விளிம்புக்குச் சற்று உள்ளே நின்றதால் அதைக் குறட்டால் பிடிக்க முடியவில்லை. துளையின் மறுபக்கம் மூடியிருந்ததால் தள்ளவும் வழியில்லை. மணி எட்டே கால். பதினோரு மணிக்கு முன்னால் மைத்துனன் முனியராஜ் வந்து இந்தப் பாகத்தைக் கேட்பான். அதற்குள் முனையை வெளியே எடுத்தாக வேண்டும்.

எடுக்க முடியாமல் போய்விடுமோ என்பதைவிட, வேறொருவர் எடுத்துவிடுவாரோ என்பதே அவனுடைய கவலை.

பன்னிரண்டு நாளைக்கு முன் ஸ்ரீமதி காலண்டர் கம்பெனிக்குப் போகிற வழியில், பேருந்து நிறுத்தத் திருப்பத்தில், சைக்கிளின் கைப்பிடி திடீரென்று முன்பக்கமாகக் கவிழ்ந்தது. அவள் அதன்மேலேயே விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு ஆறு வாரம் இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஆடி பிறந்து ஆர்டர்கள் வரத் தொடங்கிய நேரம். நாட்காட்டித் தாள்களை அடுக்கி மேல்விளிம்பில் தகரம் அடிப்பவளுக்கு ஒரு கை போனால் சீசனே போனதுபோல. முனியராஜ் லோடு ஆட்டோ ஓட்டுபவன். அக்காளின் மாவுக்கட்டைப் பார்த்த அரை மணி நேரத்தில் அவன் தீர்ப்பு எழுதிவிட்டான்: பங்குனியில் சைக்கிளைச் சரிபார்த்துக் கொடுத்தவர் கடைவீதி செய்யது அபுதாஹிர், ஆகவே போல்ட் அவருடையது, ஆகவே போலி. கடை வாசலில் நின்று அதைச் சத்தமாகச் சொன்னான். போதாதென்று தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவிலும் பேசிப் போட்டான். பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்கள் அந்த வாரமே வேறு கடைகளுக்குப் போயின. அபுதாஹிர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. முறிந்த முனை உள்ளே இருக்கிறது அல்லவா, பாகத்தைக் கொண்டு வாருங்கள், எல்லோரும் பார்க்க நானே எடுத்துக் காட்டுகிறேன், என் போல்ட்டாக இருந்தால் என் வாயாலேயே அந்தக் குழுவில் சொல்கிறேன் என்றார். நாள் ஞாயிற்றுக்கிழமை, நேரம் பதினொன்று.

போல்ட் அபுதாஹிருடையது அல்ல. அவருடைய போல்ட்டின் தலை மழுங்கியிருப்பதை வைகாசியில் ஒரு விடுமுறை நாளில் தங்கப்பாண்டியன் கவனித்தான். மழுங்கிய தலையை அவன் கண் பொறுக்காது. கம்பெனியில் சல்லடை நிறுத்தும் சட்டம் ஒன்றைக் கழித்துக் கட்டியிருந்தார்கள். அதிலிருந்த பித்தளை போல்ட் ஒன்று மரை தேயாமல், பார்க்க நன்றாக இருந்தது. மருந்துப் பக்கம் இரும்புக்கு அனுமதி இல்லை. சல்லடை பித்தளை, கரண்டி பித்தளை, திருகு பித்தளை. வேலைக்கு வரும் பெண்களின் கொண்டை ஊசியைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்பவன் அவன். இரும்பு என்றால் ஆபத்து, பித்தளை என்றால் பத்திரம் என்பது அவனுக்குள் வாய்ப்பாடாகிவிட்டிருந்தது. அதே அளவு, அதே மரை. துருப்பிடிக்காது என்று மகிழ்ந்து, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அபுதாஹிரின் இரும்பு போல்ட்டைக் கழற்றிவிட்டு மாட்டினான். இறுகிய பிறகும், மனம் ஒப்பாமல், இன்னும் கால் சுற்று முறுக்கினான். சைக்கிளின் கழுத்தில் நாளெல்லாம் ஆள் பாரம் இறங்கும், அதற்கு இரும்பின் உறுதி வேண்டும் என்பது, போர்மேன் சான்றிதழுக்குப் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை. அவள் விழுந்த அன்று சைக்கிளை எடுக்கப் போனவன் கைப்பிடிக்கு அடியில் தொங்கிய மஞ்சள் தலையைக் கண்டான். அதைக் கண்மாயில் எறிந்தான். துளைக்குள் தெரிந்த மஞ்சளின்மேல் கறுப்புக் கிரீஸை விரலால் அடைத்தான். இவ்வளவும் செய்யக் கால் மணி நேரம் ஆகவில்லை. பிறகுதான் மருத்துவமனைக்குப் போனான்.

"அங்கன என்னத்த அம்புட்டு நேரமாப் பாத்துக்கிட்டு இருக்கீக?" என்றாள் ஸ்ரீமதி. அடுக்களை நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, பலகைமேல் வெண்டைக்காயை மாவுக்கட்டுக்கு அடியில் அழுத்திப் பிடித்து வலது கையால் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவளைத் தெருப்பக்கம் போய் இருக்கச் சொன்னான் அவன். சுத்தியல் அடிக்கும்போது பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது.

"நான் என்ன மருந்து ரூம்லயா நிக்கேன்? வெண்டிக்காதான வெட்டுதேன். வெடிச்சிராது, அடிங்க."

பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய உளியை முனையின் ஓரத்தில் சாய்வாக வைத்தான். ஓரத்தில் தட்டித் தட்டிச் சுழற்றினால் முனை மெல்லத் திரும்பி வெளியே வரும் என்று கைபேசிக் காணொளியில் ஒருவர் சொல்லிக் காட்டியிருந்தார். அவருக்கு அது நாலு தட்டில் வந்தது. தங்கப்பாண்டியன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி அடித்தான். உளியின் தலையில் ஊசிமுனை அளவு ஒரு பொறி தோன்றி மறைந்தது. அவ்வளவுதான், சுத்தியல் கையிலிருந்து நழுவி ஈரத்தில் விழுந்தது. அவன் எழுந்து இரண்டு எட்டுப் பின்னால் போயிருந்தான். உளி வழுக்கி அலுமினியத்தில் ஒரு கீறலை மட்டும் விட்டிருந்தது.

ஸ்ரீமதி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பாயே எடுக்கட்டும், நீங்கள் ஏன் இப்படி அல்லாடுகிறீர்கள் என்று கேட்டாள். காலண்டர் கம்பெனியில் எட்டு வருடமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து தகரம் அடிப்பவள் அபுதாஹிரின் மனைவி பீவி ஜான். விழுந்த அன்று மருத்துவமனைக்கு முதலில் வந்ததும் அவள்தான். முனியராஜின் சத்தத்துக்குப் பிறகு வரவில்லை. கைபேசியில் அழைத்தாலும் எடுப்பதில்லை.

"பாய் போட்ட போல்ட்டுதான்னு ஆயிட்டா, சரி போன்னு நானும் பேசாம இருந்துக்கிருவேன். இல்லேன்னு ஆயிட்டா, நான் அவ வீட்டுக்குப் போயி நிக்கணும். இந்தக் கட்டோடயே போவேன்." வெண்டைக்காய்க் காம்புகளை ஒதுக்கித் தள்ளினாள். "ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தெரிஞ்சிரும்லா? அது போதும் எனக்கு. வைகாசியில நீங்களும் அதுல என்னமோ முறுக்கிக்கிட்டு இருந்தீகளே."

"லூசா இருந்துச்சு. இறுக்குனேன்."

சொன்ன இரண்டு சொற்றொடரிலும் பொய் இல்லை. அதை அவன் மனத்துக்குள் ஒருமுறை சரிபார்த்தும் கொண்டான். சைக்கிள் கழுத்தைப் பழைய துண்டில் சுற்றி, மண்ணெண்ணெய் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.

கடைவீதியைத் தவிர்த்துப் போக வேறு வழி இருந்தது; ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக் கூட்டம் அந்த வழியை அடைத்திருந்தது. அபுதாஹிர் கடைக் கதவை ஏற்றிவிட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை பத்துக்கு மேல் திறப்பவர். ஒரு பேருந்து குறுக்கே வந்ததால் அவர் தன்னைப் பார்க்கவில்லை என்று தங்கப்பாண்டியன் முடிவு செய்தான். பார்த்திருந்தாலும் பேருந்து குறுக்கே வந்ததாகவே முடிவு செய்திருப்பான். துண்டில் சுற்றிய பாகம் தொடைக்கும் பெட்ரோல் டாங்குக்கும் நடுவில் இருந்து குத்தியது. நகர்த்தி வைத்தான், மறுபடி குத்தியது.

பெத்தணனின் லேத் பட்டறை அச்சகத் தெருவின் கோடியில் இருந்தது. அச்சு எந்திரங்களுக்கு உருளையும் பல்சக்கரமும் கடைந்து கொடுப்பவன்; சீசன் நேரத்தில் ஞாயிறு, திங்கள் என்ற வேறுபாடு அவனுக்கு இல்லை. இருவரும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு.

"என்னலே, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா போர்மேன் வந்திருக்காரு. கம்பெனிய எம் பட்டறைக்கே மாத்திட்டாகளா?"

அவசரம் என்று மட்டும் தங்கப்பாண்டியன் சொன்னான். பெத்தணன் பாகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தான். உளிக் கீறலைப் பார்த்து நாக்கால் ஒரு ஒலி எழுப்பினான். கழுத்தைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, முனையின் நட்டநடுவில் ஒரு புள்ளி குத்தி, மெல்லிய துளைக்கம்பியைப் பொருத்தி எந்திரத்தை ஓட விட்டான். முதலில் கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வந்தது. அதன் பின்னாலேயே, தலைமயிர் அளவில், மஞ்சள் நிறச் சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து கம்பியில் சுற்றிக்கொண்டன. இரும்பென்றால் கரகரக்கும். இது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. பெத்தணன் எந்திரத்தை நிறுத்தினான்.

"எவம்லே இதுல பித்தளை போல்ட்டப் போட்டது?"

"சைக்கிள் கடைக்காரரு."

அந்தச் சொற்கள் சரிபார்க்கப்படாமலே வெளியே போயின. கம்பெனி வாசலில் எதையும் சோதிக்காமல் உள்ளே விடாதவன், தன் வாய்க்கு வெளியே எது போகிறது என்று பார்க்கத் தவறிவிட்டான்.

பெத்தணன் ஒரு சுருளை நகத்தில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "யாரு, செய்யது பாயா? இரும்பு போல்ட்டு விக்கிற வெலைக்கு இது நாலு மடங்குலே. ஏமாத்துறவன் வெல கூடுனதயா போட்டு ஏமாத்துவான்?" சுருளை ஊதிவிட்டான். "இந்தச் சுத்துப்பட்டுல பித்தளை போல்ட்டு எங்கன கெடைக்கும்னு சின்னப்புள்ளையும் சொல்லும்."

பட்டறையில் தங்கப்பாண்டியனுக்கு வேலை எதுவும் இல்லாததால், தரையில் கிடந்த மரையாணிகளை அளவு வாரியாகப் பிரித்து வைக்கத் தொடங்கினான். பெத்தணன் தடுக்கவில்லை, மேலே எதுவும் கேட்கவும் இல்லை. அந்தக் கேட்காமை, அவன் கேட்டிருக்கக் கூடிய எந்தக் கேள்வியையும்விட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு அங்கே நின்றது.

துளை போட்டாயிற்று. இடப்பக்கமாகத் திரிந்த மரை கொண்ட ஒரு முறுக்குக் கம்பியை அந்தத் துளையில் இறக்கித் திருகினால், திருகத் திருக அது கவ்வி, முனையையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டு வெளியே வரும். ஆனால் முனை அசையவில்லை. அலுமினியமும் பித்தளையும் மழையில் நனைந்து ஒன்றை ஒன்று அரித்து, மரைக்குள் வெள்ளைப் பொடியாகப் பூத்துக் கெட்டியாகியிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தார்கள். ஒன்பதே முக்கால். தங்கப்பாண்டியன் வாசலுக்கும் பட்டறைப் பிடிக்குமாக நடந்தான். பிறகு, சூடேற்றினால் அலுமினியம் கொஞ்சம் விரியும் என்று சொல்லி, பெத்தணன் கேஸ் பர்னரைப் பற்றவைத்தான். நீல நாக்கு சீறி எழுந்தபோது தங்கப்பாண்டியன் தெருவில் இருந்தான்.

"தீயாலயே சோறு திங்கிற ஊர்ல தீயக் கண்டு ஓடுத மொத ஆளு நீதாம்லே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தெருவில் நின்றபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டான்: பல்லைக் கடிப்பதுபோல் ஒரு கிறீச்சு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு கிறீச்சு. உள்ளே போனபோது பெத்தணன் முனையை வெளியே எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். அரை அங்குலம் இருக்கும். முறிந்த முகத்தில், நடுத்துளையைச் சுற்றி எஞ்சியிருந்த வளையத்தில் ஒரு பாதி பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. மற்றப் பாதி பழங்காசுபோல் கறுத்திருந்தது.

"இங்க பாரு. கறுத்த பாதி முன்னாலயே ஒடஞ்சது. மாட்டுன அன்னைக்கே விண்டுருக்கு. மிச்சப் பாதிலதான் இம்புட்டு நாளா வண்டி ஓடிருக்கு."

அந்தக் கால் சுற்று. கடைசியில், திருகுசாவியின் வழியாகக் கைக்குள் ஒரு சிறு நெகிழ்வு வந்தது தங்கப்பாண்டியனுக்கு இப்போது துல்லியமாக நினைவுக்கு வந்தது. போல்ட் தன் இடத்தில் வாகாக அமர்ந்துவிட்டதன் அறிகுறி என்று அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டான். நல்ல வேலை செய்த நிறைவோடு கையைக் கழுவினான். ஸ்ரீமதி அதற்குப் பிறகு எத்தனை நாள், எத்தனை பேருந்துகளுக்கு நடுவே, அந்த மஞ்சள் பாதியை நம்பிக் கைப்பிடியைப் பிடித்திருப்பாள் என்று கணக்கிட முயன்றான். முடிக்கவில்லை.

பெத்தணன் இதற்குள் ஒரு டப்பாவைக் கவிழ்த்து அதே அளவில் ஒரு பழைய இரும்பு போல்ட்டைத் தேடி எடுத்திருந்தான். பிடியில் வைத்து இரும்பறுக்கும் வாளால் பாதி அறுத்து, மீதியைச் சுத்தியலால் ஒரே அடியில் முறித்தான். முறிந்த முனையைத் துளைக்குள் குறட்டால் திருகி இறக்கி, மேலே கறுப்புக் கிரீஸை அப்பினான். எல்லாம் இரண்டு நிமிடம். தான் செய்வது இன்னது என்று அவன் சொல்லவில்லை. செய்யட்டுமா என்று கேட்கவும் இல்லை. நண்பனுக்குச் செய்வதைக் கேட்டா செய்வார்கள்?

"பாய் துளை போட்டா இரும்புத்தூளா விழும். பழைய போல்ட்டு, அத்துப்போச்சு. யாரு மேலயும் பெருசா ஒண்ணும் வராது. நாலு நாள்ல மறந்துருவாக."

தங்கப்பாண்டியன் பார்த்துக்கொண்டே நின்றான். மரை இளகலாக இருக்கிறது, உள்ளே பழைய வெள்ளைப் பொடி அப்படியே ஒட்டியிருக்கிறது, அறுத்த பக்கம் வாள் தடம் தெரிகிறது, இதெல்லாம் ஒரு வேலையா என்பது அவன் வாய்வரை வந்தது. வேண்டாம் என்ற சொல் மட்டும் வரவில்லை. பித்தளைத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கண்மாய், வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. ஆனால் நேரம் ஆகிவிட்டதாகத் தோன்றியது, வண்டியை நிறுத்தவில்லை.

வீட்டு வாசலில் முனியராஜ் லோடு ஆட்டோவோடு அரை மணி முன்னதாகவே வந்து நின்றான். மண்ணெண்ணெய் வாங்கவா மச்சான் இவ்வளவு நேரம் என்று கேட்டான். ஸ்ரீமதி உள்ளேயிருந்து, முனை வந்துவிட்டதா என்று கேட்டாள். வரவில்லை என்றான் தங்கப்பாண்டியன். இந்த முறை சரிபார்ப்பதற்கு எதுவும் இல்லை, அது முழுப்பொய்.

கடை வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். சைக்கிளைத் திருப்பி எடுத்துப் போனவர்கள் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். அபுதாஹிர் வேலைப் பலகையின்மேல் ஒரு வெள்ளைத் துணியை நான்கு பக்கமும் இழுத்து விரித்திருந்தார். துளை போடும்போது விழுகிற தூளை எல்லோரும் பார்க்கட்டும் என்றார். துணிக்குப் பக்கத்தில், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய கனத்த வட்டக் காந்தம் ஒன்று சாய்வாகக் கிடந்தது. சைக்கிள் சக்கரத்துப் பால்ரஸ் குண்டுகளும் மரையாணிகளும் அதன்மேல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு குவிந்திருந்தன. அவர் புதுத் துளைக்கம்பி ஒன்றை உறையிலிருந்து எடுத்தார். தங்கப்பாண்டியன் கொடுத்த கழுத்தை வாங்கும்போது, "தங்கச்சிக்கு வலி குறைஞ்சிருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். குறைந்திருக்கிறது என்று அவன் தலையசைத்தான்.

அபுதாஹிர் கிரீஸை வழித்தார். முனை எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பதற்காகத் திருப்புளியின் ஓரத்தை அதன்மேல் வைத்து லேசாக அசைத்தார். முனை திரும்பியது. அவர் கை நின்றது. மறுபடி அசைத்தார், மறுபடியும் திரும்பியது. துளைக்கம்பியைக் கீழே வைத்துவிட்டு, திருப்புளியாலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, விரல் நகத்தால் முனையை வெளியே எடுத்தார். வெள்ளைத் துணியில் ஒரு தூள்கூட விழவில்லை. முனையைக் காந்தத்தின் பக்கம் கொண்டுபோனார். அது அவர் கையிலிருந்து தாவி, டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்துக்கிடுங்க எல்லாரும்," என்றான் முனியராஜ். "இரும்பு. பாய் கடை இரும்பு. இனி என்ன சொல்லுதீக பாய்?"

அபுதாஹிர் முனையைக் காந்தத்திலிருந்து பிய்த்து எடுத்து மரையை விரலால் தடவினார், பொடி எதுவும் ஒட்டாமல் உலர்ந்திருந்தது. வாள் தடத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கழுத்தை வெளிச்சத்துக்குத் தூக்கி ஒரு கண்ணைச் சுருக்கித் துளைக்குள் பார்த்தார். உள்ளே ஒட்டியிருந்த வெள்ளைப் பொடி அவர் கட்டைவிரலில் வந்தது. அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு தங்கப்பாண்டியனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நான் குடுத்த வாக்கு மாறல," என்றார் அவர், முனியராஜைப் பார்த்து. "என் போல்ட்டா இருந்தா நானே சொல்லுவேன்னேன். ஆனா நான் கடைக்காரன். நான் சொன்னா எனக்குத் தோதாச் சொன்னேம்பீக. அண்ணாச்சி கம்பெனியில சோதனை போடுறவக. அவக கண்ணுல தப்பி ஒரு ஊசி உள்ள போகாதும்பாக." முனையைத் தங்கப்பாண்டியனின் முன்னால், வெள்ளைத் துணியின் நடுவில் வைத்தார். "இதுதான் தங்கச்சி வண்டியில இருந்த போல்ட்டுன்னு அவக ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பமே குழுவுல பேசிப் போட்டுருதேன்."

சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, பேசிப் பதிவதற்கு ஆயத்தமாக வாயருகே பிடித்துக்கொண்டார்.

கூட்டம் தங்கப்பாண்டியன் பக்கம் திரும்பியது. முனியராஜ், சொல்லுங்க மச்சான் என்று தோளைத் தொட்டான். ஆம் என்ற ஒற்றைச் சொல் போதும். அதற்குப் பின் ஸ்ரீமதி பேசாமல் இருந்துகொள்வாள். பீவி ஜானும் பேசாமல் இருந்துகொள்வாள். எட்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இனியும் பக்கத்திலேயே உட்கார்ந்து, தகரத்தின்மேல் சுத்தியல் விழும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவனுடைய கண்ணில் தப்பி ஒரு ஊசிகூட உள்ளே போகாது என்பதும் அப்படியே இருக்கும். அவன் வெள்ளைத் துணியைப் பார்த்தான். அதன் நடுவில் இருந்த இரும்புத் துண்டின் வாள் தடம் அவனை உறுத்தியது. இப்படிப்பட்ட வேலை ஒன்றைக் கம்பெனியில் யாராவது கொண்டுவந்து நீட்டியிருந்தால், அதைத் திருப்பி அனுப்பாமல் ஒப்பமிட்டிருப்பானா?

"இது இல்ல பாய்," என்றான்.

தன் குரல் தெளிவாக வந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது. சட்டைப் பைக்குள் விரல்களை விட்டுத் துழாவினான். பித்தளைத் துண்டு பையின் மூலையில் நூலுக்குள் சிக்கியிருந்தது. எடுக்கச் சற்று நேரம் பிடித்தது. அதை யாரிடமும் நீட்டவில்லை. காந்தத்தின்மேல், பால்ரஸ் குண்டுகளுக்கும் மரையாணிகளுக்கும் நடுவே இருந்த சின்ன வெற்றிடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தான். துண்டு ஒரு கணம் நின்றது. பிறகு காந்தத்தின் விளிம்பில் சரிந்து, வெள்ளைத் துணிக்கு உருண்டு வந்து நின்றது.

அபுதாஹிர் கைபேசியை மெல்லத் தாழ்த்தினார். முனியராஜுக்கு மட்டும் எதுவும் விளங்கவில்லை. அவன் குனிந்து துண்டை எடுத்து, சரியாக வைக்காததால் விழுந்துவிட்டது என்பதுபோல், காந்தத்தின் நட்டநடுவில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்தான். விரலை எடுத்ததும் அது உருண்டது. இன்னொரு முறை எடுத்து வைத்தான். துண்டு துணியில் விழுகிற சத்தம்கூடக் கேட்டது. அவன் மச்சானின் முகத்தைப் பார்த்தான், பாயின் முகத்தைப் பார்த்தான், மறுபடியும் அதை எடுத்துக் காந்தத்தின்மேல் வைத்தான்.